கையில் பட்டது எல்லோருக்கும் தெரிகிறது, பெனால்டி ஏன் இல்லை?

கால்பந்து பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஹேண்ட்பாலை, அதாவது பந்து கையில் படும் குற்றத்தைப் பற்றியவை. மற்றவை வீடியோ நடுவரை, அதாவது வி.ஏ.ஆரைப் பற்றியவை. முக்கியமானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

2024 யூரோ காலிறுதியில் ஜெர்மனியின் முசியாலா அடித்த பந்து ஸ்பெயினின் குக்குரெய்யா கையில் பட்டதை உலகமே பார்த்தது. வி.ஏ.ஆர். இருந்தும் ஏன் பெனால்டி கொடுக்கவில்லை?

கையில் பட்டதா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கால்பந்தின் 12-ஆம் விதி அதோடு நிற்பதில்லை. வீரர் வேண்டுமென்றே கையைக் கொண்டுபோனாரா என்று முதலில் கேட்கிறது. இல்லையென்றால், கை இருந்த இடம் அவர் உடம்பை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கியதா என்று கேட்கிறது. எது இயல்பு? அந்த நொடியில் அவர் ஓடினாரா, குதித்தாரா, திரும்பினாரா என்பதை வைத்து நடுவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் நடுவர் ஆந்தனி டெய்லர் ஆட்டத்தைத் தொடரவிட்டார். களத்து முடிவு அப்பட்டமான தவறாக இருந்தால் மட்டுமே வீடியோ அறை தலையிட வேண்டும் என்பது வி.ஏ.ஆர். நெறிமுறை. அப்படித் தோன்றாததால் அவர்களும் தலையிடவில்லை. அப்போது கூடுதல் நேரத்தில் 1-1. பிறகு 119-ஆவது நிமிடத்தில் மெரினோ தலையால் முட்டிய கோலில் ஸ்பெயின் ஜெயித்தது.

அதே ஆண்டு செப்டம்பரில், அது பெனால்டி கொடுத்திருக்க வேண்டிய சம்பவம் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் நடுவர் குழுவே சொன்னதாகச் செய்தி வந்தது. என் கருத்தும் அதுதான். கோலை நோக்கிப் போன பந்து, உடம்பை விட்டு விலகியிருந்த கை. ஜெர்மனி ரசிகர்களின் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். களத்து நடுவரும் வீடியோ அறையும் நடுவர் குழுவும் ஒரே சம்பவத்தைத்தான் பார்த்தார்கள். பந்து எங்கே பட்டது என்பதைக் கேமரா காட்டிவிடும். கை அங்கே இருந்தது இயல்பா என்பதை எத்தனை கேமரா வைத்தாலும் மனிதர்தான் சொல்ல வேண்டும்.

முதுகைக் காட்டிக் குதிப்பவருக்குப் பந்து வருவதே தெரியாது. அதற்கும் பெனால்டியா?

2020 செப்டம்பரில் டாட்டன்ஹாம் – நியூகாசில் ஆட்டத்தில் இதுதான் நடந்தது. நியூகாசிலின் ஆண்டி கேரல் முட்டிய பந்து, திரும்பி நின்று குதித்த டாட்டன்ஹாமின் எரிக் டயர் கையில் பின்னாலிருந்து பட்டது. கடைசி நேரத்தில் பெனால்டி, 1-1. அதனால் ஒரு புள்ளி கிடைத்த நியூகாசில் பயிற்சியாளர் ஸ்டீவ் புரூஸே அந்த முடிவை வெளிப்படையாகக் கண்டித்தார். கையை வீசாமல் யாராலும் உயரக் குதிக்க முடியாது. எதிர்ப்பு பலமாக இருந்ததால், கொஞ்சம் தளர்வாகப் பார்க்கும்படி பிரீமியர் லீக் நடுவர்களுக்கு அதே சீசனில் சொல்லப்பட்டது. இப்போதைய விதிவாசகத்தில் வீரரின் உடல் அசைவைக் கணக்கில் எடுக்க இடம் இருக்கிறது. அதைத் தைரியமாகப் பயன்படுத்தும் நடுவர்கள்தான் குறைவு.

தோளில் பட்டால்?

ஹேண்ட்பால் இல்லை. அக்குளின் அடிமட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே பட்டால்தான் கை.

ஸ்லோமோஷனில் பார்த்தால் எல்லாமே வேண்டுமென்றே செய்த மாதிரி தெரிகிறதே?

ஆமாம், அதுதான் பெரிய சிக்கல். அரை நொடியில் நடந்ததை ஐந்து நொடிக்கு இழுத்துக் காட்டினால், வீரருக்குக் கையை விலக்க நிறைய நேரம் இருந்த மாதிரி தோன்றும். அதனால்தான் பந்து எங்கே பட்டது போன்ற உண்மை விவரங்களுக்கு ஸ்லோமோஷன், ஹேண்ட்பால் குற்றமா என்று தீர்மானிக்க சாதாரண வேகம் என்று நெறிமுறையிலேயே இருக்கிறது. 2018 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டபோது நடுவர் நெஸ்டோர் பிட்டானா மானிட்டரைப் பார்த்தார், கிளம்பினார், மறுபடி திரும்பி வந்து பார்த்தார், அப்புறம்தான் பெனால்டி கொடுத்தார். அவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தால் அது அப்பட்டமான தவறா? என்னைக் கேட்டால் இல்லை. கிரீஸ்மன் அதை கோலாக்க, பிரான்ஸ் 2-1 என்று முந்தியது.

கோல் அடிக்கும் அணியின் கையில் தெரியாமல் பட்டால் கோல் செல்லாதா?

கோல் அடித்தவரின் கையிலேயே பட்டு உள்ளே போனாலோ, பட்ட உடனே அவரே கோல் அடித்தாலோ செல்லாது. சக வீரரின் கையில் தெரியாமல் பட்டிருந்தால் இப்போது செல்லும். முன்பு இப்படி இல்லை. 2021 மார்ச் 4 அன்று டாட்டன்ஹாம் வீரர் வெளியே உதைத்த பந்து மிக அருகிலிருந்து ஃபுல்ஹாமின் லெமினா கையில் மோதியது. அதிலிருந்து மாஜா அடித்த கோல் ரத்தானது, ஃபுல்ஹாம் 1-0 என்று தோற்றது. மறுநாளே கூடிய ஐஎஃப்ஏபி, அதாவது கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பு, விதியை மாற்றும் முடிவை அறிவித்தது. மாற்றம் சரியானது. ஃபுல்ஹாமுக்கு ஒரு நாள் தாமதமாக வந்தது என்பது இன்றும் வலிக்கிறது.

லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் சரியானது என்று சில நொடிகளிலேயே தெரிந்தும் ஏன் திருத்தவில்லை?

2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் – லிவர்பூல். களத்தில் ஆஃப்சைடு என்று கொடி தூக்கியிருந்தார்கள். வீடியோ அறையோ களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, சோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு இந்த மாதிரி முடிவை மாற்ற விதியில் வழியில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. தொழில்நுட்பம் சரியாகத்தான் காட்டியது, பேச்சில்தான் கோட்டைவிட்டார்கள். களத்து முடிவு என்ன என்பதை இரு பக்கமும் முதலில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது.

2010 உலகக்கோப்பை காலிறுதியில் கானாவுக்கு எதிராக உருகுவேயின் சுவாரெஸ் செய்தது இன்று நடந்தால் மஞ்சள் அட்டைதானாமே?

இல்லை. தெரியாமல் கையில் பட்டு நிச்சய கோல் தடுக்கப்பட்டு, பெனால்டியும் கொடுக்கப்பட்டால் மஞ்சள் அட்டை போதும் என்பது 2024-இல் வந்த மாற்றம். வேண்டுமென்றே தடுத்தால் இன்றும் சிவப்புதான். ஜோஹன்னஸ்பர்க்கில் சுவாரெஸ் கோல் கோட்டில் நின்று கையால் தடுத்தார், வெளியேறினார். கியான் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பியில் பட்டது, கானா ஷூட்அவுட்டில் தோற்றது. உலகக்கோப்பை அரையிறுதிக்குப் போகும் முதல் ஆப்பிரிக்க அணியாக இருந்திருக்க வேண்டியவர்கள். ரக்பியில் நிச்சய ட்ரையை (நம் கோல் மாதிரி) தவறாகத் தடுத்தால் பெனால்டி ட்ரை என்று புள்ளிகளையே கொடுத்துவிடுகிறார்கள். கோட்டில் நின்று வேண்டுமென்றே கையால் தடுக்கும் இந்த ஒரு குற்றத்துக்காவது கால்பந்திலும் நேரடியாக கோல் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.