மீயொலி சென்சர்: தாங்கியும் கிணறும் அளக்கிறவைக்குக் கேள்வி பதில்

கொக்குவில்: எச்.சி-எஸ்.ஆர்04 எண்ட மலிவு மீயொலி சென்சர் உண்மையில தூரத்தையோ அளக்குது?

இல்லை, நேரத்தைத்தான். சென்சரின்ர ட்ரிக் காலுக்கு (வயர் பூட்டுற கம்பி முனையைத்தான் கால் எண்டுறது) 10 மைக்ரோசெக்கன் மின் துடிப்புக் குடுத்தால் 40 கிலோஹேர்ட்ஸில 8 ஒலி அலை விடும். பிறகு எக்கோ காலில மின்னழுத்தம் உயர்ந்து, எதிரொலி வந்ததும் இறங்கும். உயர்ந்து நிண்ட மைக்ரோசெக்கனை 58ஆல் பிரிச்சால் சென்ரிமீற்றர். ஒலி போய்த் திரும்புறதால பாதியாக்கிறதும் அந்த 58க்குள்ளேயே இருக்கு.

சாவகச்சேரி: மொட்டை மாடித் தாங்கியில மோட்டர் போடாமலே மத்தியானம் 3 சென்ரிமீற்றர் தண்ணி கூடுது, இரவில குறையுது. ஒழுகுதோ அண்ணை?

ஒழுகேல்லை தம்பி, வெயில்தான் காரணம். 58 எண்டது ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் போகுது எண்ட கணக்கு. காற்றுச் சூடாக ஒலி வேகமாகப் போகும்: 331.3ஓட, பாகை செல்சியசை 0.606ஆல் பெருக்கிக் கூட்டுங்கோ. விடிய 27 பாகையில 347.7, மூடின தாங்கிக்குள்ள 45 பாகை வந்தால் 358.6. உண்மையான 1 மீற்றர் தூரம் விடிய 99.2 எண்டும் மத்தியானம் 96.2 எண்டும் காட்டும். தூரம் குறைஞ்சால் தண்ணி கூடினமாதிரித்தானே!

தாங்கி மூடிக்குக் கீழ ஒரு டி.எஸ்18பி20 வெப்ப சென்சரைத் தொங்க விடுங்கோ. வெளியில வைச்சால் பிரயோசனம் இல்லை, அலை போற காற்றின்ர வெப்பம்தான் வேணும். 58ஐ விட்டிட்டு, அந்த வெப்பத்துக்கு மேல சொன்ன கணக்கில வாற வேகத்தால மைக்ரோசெக்கனைப் பெருக்கி 20000ஆல் பிரியுங்கோ, சென்ரிமீற்றர் வரும்.

திருநெல்வேலி: தாங்கிக்குள்ள வைச்ச எச்.சி-எஸ்.ஆர்04 மூண்டு மாதத்தில செத்துப்போச்சு.

நீராவி ஏறிக் கால்கள் பச்சை பிடிச்சிருக்கும். அது திறந்த போர்ட், தாங்கிக்கு ஆகாது. ஜே.எஸ்.என்-எஸ்.ஆர்04டி வாங்குங்கோ, தலை தண்ணி புகாதது, வயரோட வரும், போர்ட்டை வெளியில பெட்டிக்குள்ள வைக்கலாம். ஒரு குறை: அனுப்புறதும் கேக்கிறதும் ஒரே தலை. அனுப்பின அதிர்வு அடங்கு முன்னம் அதுக்குக் காது கேக்காது, அதால 25 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வாற தண்ணி தெரியாது. நிறைஞ்ச தண்ணிக்கு மேல அவ்வளவு இடைவெளி விட்டுப் பூட்டவேணும். மூடியில இடம் இல்லாட்டி மிதவை வால்வை இறக்குங்கோ. குழாய் வைச்சுத் தலையை உயர்த்தப் போனால் குழாயின்ர விளிம்பே எதிரொலி தரும்.

பருத்தித்துறை: சென்சரை ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கணினிப் போர்ட்டோட நேர பூட்டலாமோ?

எக்கோ 5 வோல்ட் தரும், ஈஎஸ்பி32க்கு 3.3தான் தாங்கும். எக்கோவில இருந்து 1 கிலோ ஓம் தடை, பிறகு தரைக்கு (கிரவுண்டுக்கு) 2 கிலோ ஓம் தடை, இரண்டுக்கும் நடுவில இருந்து ஈஎஸ்பி32க்கு வயர் எடுங்கோ. சும்மா பூட்டினாலும் வேலை செய்யுது எண்டு சொல்லுவினம். கொஞ்ச நாளைக்குச் செய்யும்.

மானிப்பாய்: கிணத்தில வைச்சால் அளவு கண்டபடி பாயுது.

எங்கட கிணறுகள் அகலம்தான், ஆனால் நீங்கள் கட்டோரமாகப் பூட்டியிருப்பியள். அலை ஒரு கூம்பு, ஏறத்தாழ 15 பாகை. 4 மீற்றர் ஆழத்தில அது 1 மீற்றருக்கு மேல விரியும். சுவரில நீட்டி நிக்கிற சுண்ணாம்புக்கல்லு, படி, மோட்டர்க் குழாய் எல்லாம் தண்ணிக்கு முன்னமே பதில் சொல்லும். குறுக்குக் கம்பி போட்டு நடுவுக்குக் கொண்டு வாங்கோ, தலை நேர கீழ பாக்கவேணும். தண்ணி 4 மீற்றருக்குக் கீழ இறங்கிற கிணறெண்டால் இந்த மலிவுச் சென்சரை நம்பாதேங்கோ.

அதோட 60 மில்லிசெக்கன் இடைவெளியில 7 தரம் அளந்து, சின்னதில இருந்து பெரிசுக்கு அடுக்கி நடு மதிப்பை எடுங்கோ. சராசரி எடுத்தால் ஒரு பிழையான அளவு மற்ற ஆறையும் கெடுத்துப்போடும்.

நல்லூர்: சில நேரம் 0 வருதே?

எக்கோ துடிப்பின்ர நேரத்தை அளக்கிற பல்ஸ்இன் எண்ட புரோகிராம் கட்டளை காத்திருந்து களைச்சுக் குடுக்கிற பதில் அது, தூரம் இல்லை. புரோகிராமில 0 வந்தால் அந்த அளவைத் தள்ளி விடுங்கோ. தள்ளாட்டி தாங்கி நிறைஞ்சிட்டுது எண்டு நினைச்சு மோட்டர் நிண்டிடும்.