அப்பர் கரையேறிய ஊரிலிருந்து ஒரு மாணவி

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஞாயிறன்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நீங்களும் தங்கள் துணைவியாரும் மகளும் பேருந்தேறிப் புதுச்சேரிக்கு என்னைப் பார்க்க வந்தபோது, உங்கள் கையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் விண்ணப்பமும், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு முன்பணமாக ஐம்பதாயிரம் ரூபாய்க்கு எடுத்த வரைவோலையும் இருந்தன. "ஏதோ பழைய புத்தகமெல்லாம் படிக்கிற படிப்பு என்கிறாள் சார், அவள் பெரியப்பா கேட்டால் நான் என்ன சொல்வது?" என்றீர்கள். பழைய மூலநூல்களை நேரடியாகப் படித்து விவாதிக்கும் அந்தப் படிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று அன்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அந்த வரைவோலையைக் கொடுக்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை மனப்பாடம் செய்துதான் தேறினேன் என்று தங்கள் மகள் ஒளிக்காமல் சொன்னாள். விருப்பமில்லாமல் கம்ப்யூட்டர் சயன்ஸில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் ஏழெட்டு அரியருடன் என் முன் வந்து உட்காரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அப்போது உடன் வருவது பெற்றோர் மட்டுமே. சேரச் சொன்ன உறவினர் யாரும் வருவதில்லை.

நீங்கள் வெளியே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் தன் நீள நோட்டைக் காட்டினாள். கிரேக்க நாடகமான அன்டிகனியை அகராதி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் படித்து, ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் பொருள் எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில், மன்னன் தடுத்தும் அண்ணனை அடக்கம் செய்த அன்டிகனியையும், மன்னனுக்குப் பணியாததால் கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "இருவரும் எதை நம்பி மறுத்தார்கள்?" என்று கேட்டு, அடியில் "கரையேறவிட்டகுப்பம்" என்று குறித்திருந்தாள். அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும், தினமும் பெயர்ப்பலகையில் பார்க்கும் அந்த ஊரை ஈராயிரத்து நானூறு ஆண்டுப் பழைய நாடகத்தோடு சேர்த்து யோசிக்க அவளுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

அவள் கேட்கும் படிப்பு இந்த யோசனையைத்தான் முறையாகப் பழக்குகிறது. அமெரிக்காவின் கொலம்பியா கல்லூரியில் 1937 முதல், பின்னர் இயற்பியல் படிக்கப் போகிறவர் உட்பட எல்லா மாணவரும் ஹோமர் முதலானோரின் மூலநூல்களைச் சிறு வகுப்பில் விவாதித்துப் படிக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கென்றே இலக்கியம், தத்துவம், வரலாறும் அரசியலும் சார்ந்த சிந்தனை ஆகிய மூன்றையும் இணைத்த ஓராண்டுத் திட்டம் உண்டு. வழிகாட்டி நூலோ, கேள்வி பதில் தொகுப்போ கிடையாது. ஆசிரியர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு மாணவரைப் பேச விடுவார். பேசியதற்கு நூலில் எந்த வரி ஆதாரம் என்று கேட்பார். வாராவாரம் ஒரு கட்டுரை. முதல் கட்டுரையில் கதையைச் சுருக்கி எழுதும் மாணவர், ஆண்டு முடிவதற்குள் ஒரு வரியை வைத்துக்கொண்டு நான்கு பக்கம் வாதிடக் கற்றுவிடுவார். சட்டம், குடிமைப் பணி, இதழியல், பதிப்பு, ஆய்வு என அவள் பின்னால் எங்கே போனாலும் அந்தத் திறமைக்கு வேலை இருக்கிறது. ஆனால் இந்த ஓராண்டு மட்டும் எந்த வேலையையும் வாங்கித் தராது. அதன்மேல் ஒரு முழுப் பட்டமும், பெரும்பாலும் முதுகலையும் வேண்டும். தமிழ்வழியில் படித்த அவளுக்கு ஆங்கில வாசிப்பு முதல் சில மாதங்கள் மிகவும் கடினமாக இருக்கும் என்பதையும் அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமாக இருப்பது சோனிபட்டிலுள்ள அசோகா பல்கலைக்கழகம். அங்கே இலக்கியம், இந்திய நாகரிகங்கள் போன்ற அடித்தளப் பாடங்களைப் படித்த பிறகே முதன்மைப் பாடத்தை முடிவு செய்கிறார்கள். விடுதியோடு ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்வதுண்டு. விண்ணப்பிக்கட்டும். ஆனால் சலுகைக் கடிதத்தில் எவ்வளவு என்று எழுத்தில் வராதவரை சேர்க்காதீர்கள், வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து எந்தப் படிப்புக்கும் அனுப்பாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அவள் அழுதாலும்.

சலுகை வராவிட்டால் கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலமோ வரலாறோ எடுக்கட்டும். அங்கே கட்டணம் உங்களை நெருக்காது. மூலநூல் வாசிப்புக்குத் தேவை ஒரு மேசை, ஆறேழு பேர், எல்லோர் கையிலும் ஒரே புத்தகம், வாரம் ஒரு கட்டுரை. புதுச்சேரியில் 1827ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அவள் வந்தால், இங்கே படிக்கும் வேறு சில பிள்ளைகளையும் சேர்த்து நானே உட்கார்ந்து நடத்துகிறேன். பட்டியலில் தேவாரமும் குறளும் இருக்கும், பிளேட்டோவும் இருப்பார்.

நாளை வங்கிக்குச் சென்று வரைவோலையை ரத்து செய்து பணத்தைக் கணக்கில் திரும்பப் போடுங்கள். அவள் பெரியப்பாவிடம் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். வரும் ஞாயிறன்று மகளை அழைத்து வாருங்கள். நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், அந்தக் கடைசிப் பக்கத்தை நீங்களும் பார்க்க வேண்டும்.