மலக்குடலுக்குப் பின்னால் பிறவிக் கட்டி: ஊசியால் உறிஞ்சினால் போதுமா?

கேள்வி: வயது 36. ஆசனவாய் அருகே சீழ் வைத்ததால் பௌத்திரம் என்று இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். மறுபடியும் சீழ். இப்போது எம்.ஆர்.ஐ.யில் மலக்குடலுக்குப் பின்னால் 5 செ.மீ. நீர்க்கட்டி, பிறவியிலேயே வந்தது என்கிறார்கள். ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட முடியாதா?

பதில்: உறிஞ்சலாம், ஆனால் மறுபடியும் நிரம்பிவிடும். கருவில் நம் எல்லோருக்கும் சின்னதாய் ஒரு வால் உண்டு, அதற்குள் குடலின் நுனியும் நீண்டிருக்கும். எட்டாவது வாரத்துக்குள் அது மறைந்துவிட வேண்டும். ஒரு துணுக்கு தங்கிவிட்டால், அதன் உட்சுவர் சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். இதுதான் டெயில்கட் சிஸ்ட். பெண்களுக்கே அதிகம் வருகிறது.

கிருமி தொற்றினால் அசல் பௌத்திரம் போலவே இருக்கும். ஆனால் பௌத்திரம் என்பது ஆசனவாய்க்குள்ளிருந்து வெளித்தோலுக்கு வரும் சீழ்ப்பாதை; அதற்குப் பெரும்பாலும் ஆசனவாய்க்குள் ஓர் உள்வாய் இருக்கும். இரண்டு முறை திறந்தும் அது அகப்படவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். விரல் விட்டுப் பார்த்தால் மலக்குடலின் பின்சுவர் மெத்தைபோல் அமுங்கும். மேலே உள்ள சவ்வோ வழுவழுவென்று இருக்கும். பத்து விநாடி வேலை, பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சுவரில் கெட்டியான பகுதி உண்டா? தண்டுவட உறையோடு தொடர்பு உண்டா? கட்டியின் மேல்முனை மூன்றாவது திரிக எலும்பை (வால் எலும்புக்கு மேலே உள்ள முதுகெலும்புப் பகுதி) தாண்டுகிறதா? கட்டி போலத் தெரிவது உண்மையில் தண்டுவட உறையின் பிதுக்கமாக இருந்தால், ஊசி குத்துவது மூளைக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். சிலருக்கு இந்தக் கட்டி புற்றுநோயாக மாறுவதும் உண்டு. அப்போது ஊசி போன வழியிலேயே செல்கள் சிதறலாம். அதனால் முழுதாக அகற்றக்கூடிய கட்டியில் பயாப்சியும் வழக்கமாக எடுப்பதில்லை.

ஆக, சுவரோடு சேர்த்து முழுசாக எடுப்பதுதான் வழி. மூன்றாவது திரிக எலும்புக்குக் கீழே இருந்தால், குப்புறப் படுக்கவைத்து வால் எலும்பு அருகே திறப்போம். சிலருக்கு வால் எலும்பையும் எடுக்க நேரிடும். இடது கை விரலை மலக்குடலுக்குள் வைத்துக் கட்டியை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே பிரிப்பது பழைய உத்தி. மலக்குடல் சுவர் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். மேலே ஏறிய கட்டி என்றால் வயிற்று வழியாக, லேப்ராஸ்கோப்பியில்.

இப்போது சீழ் இருந்தால் முதலில் அதை வடித்து, வீக்கம் வடிந்த பிறகே அறுவை சிகிச்சை. பழைய தழும்புகளால் உங்களுக்குக் கொஞ்சம் சிரமமாகவே இருக்கும். முந்தைய இரண்டு அறுவை சிகிச்சைக் குறிப்புகளையும் கையோடு கொண்டுபோங்கள். மலம், சிறுநீர் அடக்கும் நரம்புகளுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.