பீரோ சாவி யாரிடம்?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 73. முப்பது வருஷத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டி, அந்த வருமானத்தில் கட்டிய வீட்டில்தான் இன்றும் எல்லோரும் இருக்கிறோம். காது மந்தமாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் 48 ஆயிரம் ரூபாய் கொடுத்து வலது காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். தொலைந்துவிடக் கூடாதே என்று என் நகைகளோடு பீரோவில் வைத்துப் பூட்டி, விசேஷங்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பேன். போன ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உறவெல்லாம் வந்திருந்தபோது, போட்ட அரை மணி நேரத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டார். விசில் சத்தம் வேறு. வரும் மே மாதம் நாத்தனார் குடும்பம் உட்பட நான்கு குடும்பமாக ஏற்காட்டில் மூன்று நாள் பங்களா எடுத்துத் தங்கப் போகிறோம். மலையில் பனி, மழை, மெஷின் கெட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது. அவரும் "எனக்கு எதுக்கு" என்கிறார். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமா? எடுத்துப் போனால் எப்படிப் பாதுகாப்பது? தனக்கு வேண்டியது மட்டும் அவருக்கு நன்றாகவே கேட்கும் என்பது வேறு விஷயம்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: எடுத்துத்தான் போக வேண்டும். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. நகைகளோடு பீரோவில் வைத்துப் பூட்டி, விசேஷங்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பீர்களாம்.

பீரோ சாவி யாரிடம் இருக்கிறது? உங்களிடம். அப்படியென்றால் அவர் யாரோடாவது நாலு வார்த்தை பேச நினைத்தால், மருமகளைத் தேடி வந்து "அந்த மெஷினைக் கொஞ்சம் எடுத்துத் தர்றியாம்மா" என்று நிற்க வேண்டும். நீங்கள் அடுப்படியில் கைவேலையாக இருப்பீர்கள். "இருங்க மாமா, அப்புறம் எடுத்துத் தர்றேன்" என்பீர்கள். அது அவர் காதில் விழாது. இரண்டு தடவை அப்படி நின்று பார்த்தவர் மூன்றாம் தடவை வர மாட்டார். அந்தத் தலைமுறை ஆண்களுக்குக் கேட்டு வாங்கத் தெரியாது, "எனக்கு எதுக்கு" என்று சொல்லத்தான் தெரியும். சோறு இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றாலும் அதே பதில்தான் வரும். அதற்காகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்களா?

தொலைந்துவிடும் என்ற பயம் என்கிறீர்கள். பவுன் விற்கிற விலையில் உங்கள் காதுத் தோட்டை என்ன செய்கிறீர்கள்? தொலைந்துவிடுமே என்று பீரோவில் வைத்துவிட்டா தினமும் கடைக்குப் போய்வருகிறீர்கள்? காதில் இருக்கும்வரை அது பத்திரம். கழற்றி, இங்கே ஒரு நாள் அங்கே ஒரு நாள் என்று வைக்கும்போதுதான் பொருள் காணாமல் போகும். பயம் தீரவில்லை என்றால், மெஷினில் மாட்டி மறுமுனையைச் சட்டைக் காலரில் கிளிப் போட்டுக்கொள்ளும் கயிறு கிடைக்கிறது. வாங்கிக் கட்டிவிடுங்கள்.

"மெஷின் வாங்கிக் கொடுத்தோம், போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்" என்ற கடிதம் எனக்குப் புதிதல்ல. எல்லாவற்றிலும் குற்றவாளி பெரியவர்தான். போன ஆடியில் நடந்ததை நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே சொல்கிறேன். மாதக்கணக்கில் பீரோவில் கிடந்ததை எடுத்து, வீடு நிறைய ஆள் இருக்கும் அன்று அவர் காதில் மாட்டினீர்கள். சேலத்தின் எட்டுப் பேட்டையிலும் ஒலிபெருக்கி அலறும் நாள். வெளியே மேளம், உள்ளே எவர்சில்வர் தட்டு உருளும் சத்தம், மிக்ஸி, நாலு பிள்ளைகள் ஓடுவது, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவது. பல வருஷம் அடங்கிக் கிடந்த காதுக்குள் இத்தனையும் ஒன்றாக வந்து இறங்கினால் அரை மணி நேரம் தாக்குப் பிடித்ததே பெரிது. மெஷின் எல்லாச் சத்தத்தையும் கூட்டித்தான் கொடுக்கும். அதில் எது பேச்சு, எது இரைச்சல் என்று பிரித்து எடுக்க வேண்டியது மூளை. அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். தினமும் போட்டால் சில வாரங்களில் திரும்ப வரும். விசேஷத்துக்கு விசேஷம் போட்டால் ஒவ்வொரு தடவையும் முதல் நாள்தான்.

அடுத்து, வேண்டியது மட்டும் நன்றாகக் கேட்கும் என்ற குத்தல். தறிக்கூடத்துக்குள் எப்போதாவது பத்து நிமிஷம் நின்றிருக்கிறீர்களா? அங்கே சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அதிலேயே தினம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று வருஷக்கணக்கில் நின்றால் உள்காதின் நுண்ணிய செல்கள் செத்துப்போகும், மறுபடி முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற மேல் சுருதி ஒலிகள். அதனால் ச, ஸ, ட, த போன்ற எழுத்துகள் தேய்ந்துபோய், பேச்சு குழறலாக வந்து சேரும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. பக்கத்து வீட்டுக்காரரின் கட்டைக் குரல் புரியும், உங்கள் குரலும் பேரப்பிள்ளைகள் குரலும் புரியாது. இதற்குப் பெயர் கள்ளத்தனமா? வீடு கட்டிய தறிதான் அந்தக் காதையும் எடுத்துக்கொண்டது. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுத எப்படித் துணிந்தீர்களோ.

உங்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரர் ஒரு வரியில்கூட வரவில்லை. யாருடைய அப்பா இவர்? மருமகள் பூட்டி வைக்கிறாள், மருமகள் எடுத்துத் தருகிறாள், மருமகள் பத்திரிகைக்குக் கடிதமும் எழுதுகிறாள். பெற்றவர்களைப் பார்ப்பதில் பிள்ளைக்குத்தான் முதல் பங்கு. மனைவி அதற்குத் துணை நிற்கலாம், அவனுக்குப் பதிலாக நிற்க முடியாது. வருகிற சனிக்கிழமை அவர் தன் அப்பாவை, மெஷின் வாங்கிய இடத்து ஆடியாலஜிஸ்ட்டிடம், அதாவது செவித்திறனைச் சோதித்து மெஷினைச் சரிசெய்து தருபவரிடம், அழைத்துக்கொண்டு போகட்டும். விசிலுக்கு வழி அங்கேதான் கிடைக்கும். பெரும்பாலும் காதுக்குள் போகும் மோல்டு சரியாக உட்காராமல் ஒலி கசிவதால்தான் விசில் அடிக்கும். இரண்டு வருஷத்தில் காது அமைப்பு கொஞ்சம் மாறியிருக்கலாம், வயதானவர்களுக்கு உடம்பு இளைத்தாலும் மோல்டு தளரும். மெல்லிய குழாய் மஞ்சளாகி விறைத்திருந்தால் அதையும் மாற்றித் தருவார்கள். குறும்பி அடைத்திருந்தாலும் விசில் வரும். அதை நீங்கள் பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம், உள்ளே தள்ளிவிடுவீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுக்கட்டும். நம் ஊர் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது.

திரும்பி வந்த அன்றே மெஷின் அவர் கைக்குப் போக வேண்டும். அவர் கட்டில் பக்கத்து அலமாரியில் ஒரு கெட்டியான டப்பா, அவர் கைக்கு எட்டும் இடத்தில். முதலில் தினம் ஒரு மணி, இரண்டு மணி நேரம், டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் எதிரில் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு திண்ணை, பிறகு டீக்கடை, கடைசியில் கடைவீதி. மே மாதத்துக்குள் பழகிவிடும்.

பேட்டரியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின்களில் பலவற்றுக்கு 13 நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியது. ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய் அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பிறகு மறுபடி ஒட்டினாலும், மெஷினைப் பூட்டியே வைத்தாலும் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். உரித்தபின் ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்கள். பேட்டரியோடு மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் கசிந்து மெஷினையே அரித்துவிடலாம். பனியும் மழையும் கெடுப்பது இருக்கட்டும், உங்கள் பீரோ கெடுத்திருக்கிறதா என்று முதலில் திறந்து பாருங்கள்.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். அங்கே மே மாதம் சாயங்காலம் மழை பிடிக்கும், பனி இறங்கும், உண்மைதான். ஆனால் ஈரம் ஒரு நாளில் மெஷினைக் கொன்றுவிடாது. இரவு கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, பேட்டரிக் கதவு திறந்தபடி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தால் காலையில் காய்ந்திருக்கும். வெளியே குளிர், காதோரம் சூடு என்பதால் குழாய்க்குள் துளித்துளியாக நீர் கோத்து நிற்கும், சத்தம் அறுந்து அறுந்து வரும். மோல்டைக் குழாயோடு மெஷினிலிருந்து பிரித்து, சிறு ரப்பர் ஊதுபையால் ஒரு ஊது ஊதினால் போதும். ஹேர் டிரையர், அடுப்பு, கார் டாஷ்போர்டு வெயில், இதெல்லாம் வேண்டாம். கிள்ளியூர் அருவியில் குளிப்பதானாலும், தலைக்கு எண்ணெய் வைப்பதானாலும் முதலில் கழற்றி டப்பாவுக்குள். சட்டைப் பையில் போடுவதோ கைக்குட்டையில் முடிவதோ கூடாது, துணியோடு துவைத்துவிடுவீர்கள்.

அடிவாரத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது எல்லோருக்கும் காது அடைக்கும். நமக்குத் தெரியும், அவர் மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கழற்றிவிடுவார். எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். வேனில் இடது பக்க ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள், அப்போதுதான் மெஷின் போட்ட வலது காது உங்கள் பக்கம் இருக்கும். ஜன்னலைச் சாத்துங்கள். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பக்கம் காற்று மைக்கில் மோதி இரையும், அங்கே பேசிப் புரிய வைக்கப் பார்க்காதீர்கள், காட்சியைப் பார்க்கட்டும். குளிருக்கு மஃப்ளரையோ குல்லாவையோ காதை மூடிக் கட்டினால் மறுபடி விசில்தான். மெஷினுக்கு மேல் அழுத்தாமல் கட்டிவிடுங்கள்.

பங்களாவில் அவரைத் தனியாக டிவி முன்னால் உட்கார வைத்து, முதல் பந்தியிலேயே சோறு போட்டு ஒதுக்கிவிடும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். குடும்பத்தோடு போகிற பெரியவர் நடுவில் உட்கார வேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஆனால் இவரை நட்டநடுவில் வைத்தால் நாலு பக்கச் சத்தமும் சேர்ந்து குழம்பும். ஆகவே சுவரை ஒட்டி, முதுகுக்குப் பின்னால் ஆள் இல்லாமல், எல்லோர் முகமும் தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். தறிக்கூடத்தில் சைகையும் உதட்டசைவும் பார்த்தே வேலை பார்த்தவர், முகம் தெரிந்தால் பாதி பேச்சை அவரே பிடித்துக்கொள்வார். கத்த வேண்டாம், கத்தினால் உதடு கோணும், சொல் சிதையும். முதலில் "மாமா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு நிதானமாகப் பேசுங்கள். புரியாவிட்டால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். ராத்திரி தீ மூட்டி அதைச் சுற்றி உட்காரும் திட்டம் இருந்தால், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற பக்கமாக இருங்கள். எல்லோரும் சிரித்து அவர் "என்னம்மா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பேட்டரி அட்டை இரண்டு வாங்கி, ஒன்றை அவர் பையிலும் ஒன்றை உங்கள் வீட்டுக்காரர் பையிலும் வையுங்கள். பழைய பேட்டரியைக் கண்ட இடத்தில் போடாமல் உடனே குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். பொத்தான் மாதிரி இருப்பதால் சின்னதுகள் வாயில் போட்டுக்கொள்ளும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாத்தனார் குழந்தைக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை.