இரவு குளிர்ந்ததும் ஃபோகஸ் ஏன் நகர்கிறது?

கேள்வி: லென்ஸ் தொலைநோக்கியில் மாலையில் சரியாக வைத்த ஃபோகஸ், இரவில் குளிர் ஏறியதும் நகர்ந்துவிடுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (ஒளியை அது எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) மாறுவதுதான் காரணமா? கணினியில் இதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: அதுவும் காரணம்தான், ஆனால் அதை மட்டும் போட்டால் விடை தப்பாக வரும்.

கண்ணாடி சூடாகும்போது விரிகிறது, அடர்த்தி குறைகிறது, அதனால் ஒளிவிலகல் எண் இறங்கப் பார்க்கும். அதே நேரம் புறஊதாப் பக்கம் ஒளியை உறிஞ்சும் எல்லை நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்வதால் எண் ஏறவும் பார்க்கும். பரவலாகப் பயன்படும் என்-பிகே7 கண்ணாடியில் இரண்டாவதுதான் கொஞ்சம் ஜெயிக்கிறது. ஃபுளோரைட் படிகத்தில் நேர்மாறு, அங்கே சூடு ஏறினால் எண் இறங்கும்.

சூத்திரத்துக்கு, லென்ஸ் கண்ணாடி தயாரிக்கும் ஷாட் நிறுவனத்தின் டேட்டா ஷீட்டைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஆறு மாறிலிகள் இருக்கும்: மூன்று வெப்பநிலைக்கு மட்டும், மற்ற மூன்று அலைநீளத்தையும் சேர்த்துக்கொள்ளும். 20 டிகிரி செல்சியஸிலிருந்து எவ்வளவு விலகல் என்றுதான் கணக்கு. பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த மாறிலிகள் தருவது வெற்றிடத்தைப் பொறுத்த எண் மாற்றம். என்-பிகே7-க்கு அது டிகிரிக்கு பத்து லட்சத்தில் சுமார் 1.6, காற்றைப் பொறுத்துப் பார்த்தால் சுமார் 3, ஏனென்றால் காற்றின் எண்ணும் சூட்டில் குறைகிறது. எதை எடுத்தீர்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விரிவு. 500 மி.மீ. குவியத்தூரமுள்ள (லென்ஸிலிருந்து படம் குவியும் இடம்வரை உள்ள தூரம்) ஒற்றை என்-பிகே7 லென்ஸ், அலுமினியக் குழல், 10 டிகிரி குளிர்ச்சி என்று வைப்போம். குழல் சுமார் 115 மைக்ரான் சுருங்கும். லென்ஸின் குவியத்தூரமோ, எண் மாற்றமும் கண்ணாடிச் சுருக்கமும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடுவதால், 7 மைக்ரான்கூடக் குறையாது. அப்படியானால் இங்கே குற்றவாளி குழல்தான்! அதே இடத்தில் ஃபுளோரைட் லென்ஸ் இருந்தால் குவியத்தூரம் 200 மைக்ரானுக்கு மேல் குறையும், ஃபோகஸ் எதிர்த்திசையில் ஓடும். எஃப்/5 தொலைநோக்கியில் (குவியத்தூரம் லென்ஸ் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு) முன்னும் பின்னும் 30 மைக்ரானுக்குள்தான் படம் கூர்மையாக இருக்கும் என்பதால் இரண்டுமே கண்ணுக்குத் தெரியும்.

உங்களுடையது இரட்டை லென்ஸாக இருந்தால் ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். முதல் ஒரு மணி நேர அளவீட்டை நம்பாதீர்கள், அப்போது லென்ஸின் ஓரம் முதலில் குளிர்ந்து நடு இன்னும் சூடாகவே இருக்கும், சூத்திரமோ முழுக் கண்ணாடியும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.