குழந்தை பெரிது என்கிறது ஸ்கேன்: சுகப்பிரசவம் குறித்த கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ள கர்ப்பிணிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் அனுப்பிய கேள்விகளுக்கு, வேலூரில் பணியாற்றும் மகப்பேறு மருத்துவர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி (ஆற்காடு, தலைப்பிரசவம்): எனக்கு 37 வாரம் முடிந்துவிட்டது. நேற்று எடுத்த ஸ்கேனில் குழந்தையின் எடை 3.7 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இல்லை. இவ்வளவு பெரிய குழந்தைக்கு ஆபரேஷன்தான் என்று வீட்டில் அனைவரும் முடிவு கட்டிவிட்டார்கள். அது சரியா?

பதில்: ஸ்கேன் கருவி குழந்தையைத் தராசில் வைத்து நிறுப்பதில்லை. தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு எடையைக் கணிக்கிறது. வயிற்றுச் சுற்றளவைக் குறிக்கும் கோட்டைச் சற்றுத் தள்ளி வரைந்தாலே எடை மாறிவிடும். இந்தக் கணிப்பில் 10 முதல் 15 சதவீதம் வரை கூடுதலோ குறைவோ இருப்பது இயல்பு. ஆகவே உங்கள் அறிக்கையில் உள்ள 3.7 கிலோ, உண்மையில் 3.2 கிலோவாகவும் இருக்கலாம், 4.2 கிலோவாகவும் இருக்கலாம். குழந்தை பெரிதாக இருக்கும்போது இந்தப் பிழையும் பெரிதாகிறது என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

பிறக்கும்போது 4 கிலோவைத் தாண்டும் குழந்தையையே மருத்துவ நூல்கள் பெரிய குழந்தை என்கின்றன. சில நூல்கள் 4.5 கிலோ என்று வரம்பிடுகின்றன. எடையை மட்டுமே காரணமாகக் கொண்டு முன்கூட்டியே சிசேரியனைப் பரிசீலிப்பதற்கு அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி கூறும் அளவு, சர்க்கரை இல்லாத தாய்க்கு 5 கிலோ, சர்க்கரை உள்ள தாய்க்கு 4.5 கிலோ. நம் பெண்களின் உடல்வாகு வேறு, இங்கே பிறக்கும் குழந்தைகளின் சராசரி எடையும் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்பதால் நம் மருத்துவர்கள் அதற்கு முன்பே எச்சரிக்கையாகி விடுகிறார்கள். அது நியாயமானதே. ஆனால் எச்சரிக்கையாக இருப்பது வேறு, கத்தியை எடுப்பது வேறு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியனாகவே நடந்தன. அத்தனைக்கும் குழந்தையின் பருமன்தான் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்களுக்குச் சர்க்கரை இல்லை, குழந்தையின் தலை கீழ்நோக்கி இருக்கிறது என்றால், வலி தானாக வரும்வரை காத்திருந்து சுகப்பிரசவத்துக்கு முயல்வதே என் பரிந்துரை.

கேள்வி (பேரணாம்பட்டு): என் மருமகள் 148 சென்டிமீட்டர் உயரம்தான். உள்பரிசோதனை செய்துவிட்டு "இடுப்பு எலும்பு பத்தாது" என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு மேல் முயன்று பார்ப்பதில் பயன் உண்டா?

பதில்: உண்டு அம்மா. 140 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரம் என்றால் நானும் கூடுதல் கவனம் வைப்பேன். 148 அப்படிப்பட்ட உயரம் அன்று. விபத்தில் இடுப்பு எலும்பு முறிந்தவர், பிறவியிலேயே எலும்பு வளைந்தவர் போன்ற சிலரைத் தவிர, இடுப்பு போதுமா போதாதா என்பதைப் பிரசவ வலிக்கு முன்பே விரலால் அளந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. வலியின்போது இடுப்பு மூட்டுகள் சற்று நெகிழ்ந்து கொடுக்கின்றன. குழந்தையின் மண்டை ஓட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து தலை ஒடுங்குகிறது. தாய் நிற்கும்போதும், நடக்கும்போதும், ஒருக்களித்துப் படுக்கும்போதும் வழியின் அளவே மாறுகிறது. எனவே வலி வந்த பிறகு கர்ப்பப்பையின் வாய் எவ்வளவு திறக்கிறது, தலை எவ்வளவு இறங்குகிறது, குழந்தையின் இதயத்துடிப்பு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தால் விடை தானாகத் தெரியும். நல்ல வலி இருந்தும் பல மணி நேரம் தலை இறங்காவிட்டால் அப்போது ஆபரேஷனுக்குப் போவது தோல்வி ஆகாது. ஒரு வேண்டுகோள்: வாய் 5 சென்டிமீட்டர் திறப்பதற்கு முன்னரே "முன்னேற்றம் இல்லை" என்று யாராவது சொன்னால், இன்னும் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். தலைப்பிரசவத்தில் அந்தத் தொடக்கக் கட்டம் மெதுவாகத்தான் நகரும்.

கேள்வி (ஆம்பூர், தோல் தொழிற்சாலையில் பணிபுரியும் கணவர்): 26ஆவது வாரத்தில் என் மனைவிக்குச் சர்க்கரை இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். குழந்தையும் பெரிதாக வளர்கிறதாம். பிறந்த வீட்டார் வளைகாப்புக்கு வந்தபோது கொடுத்த மக்கன் பேடாவைக்கூட அவர் தொடவில்லை. இப்படி வாயைக் கட்டினால் மட்டும் போதுமா?

பதில்: மக்கன் பேடாவைத் தொடாததற்கு உங்கள் மனைவிக்கு என் பாராட்டுகள், நம் பக்கத்துக்காரர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இனிப்பைத் தவிர்ப்பது பாதி வேலைதான். மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் இனிப்பை விட்டதில் பெரிய பயன் இல்லை. கேழ்வரகுக் களியானாலும் அளவு வேண்டும். களி என்பதால் சர்க்கரை ஏறாது என்று நம் பக்கத்தில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரை, முள்ளுக் கத்தரிக்காய்ப் பொரியல், சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றை வைக்கலாம். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் சிறிது நேரம் நடக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் 95க்குக் கீழும், சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 120க்குக் கீழும் சர்க்கரை இருக்க வேண்டும். இரண்டு வார உணவுக் கட்டுப்பாட்டிலும் அது வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும். இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போவதில்லை என்பதால் அதற்கு அஞ்ச வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் எடையைவிட முக்கியமான ஒன்று உண்டு. தாயின் இரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை குழந்தைக்குப் போகிறது. குழந்தை தன் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து அதைக் கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. அந்தக் கொழுப்பு தலையில் சேர்வதில்லை, தோளிலும் வயிற்றிலும் சேர்கிறது. தலை வந்த வழியில் தோள் வர முடியாமல் போகும் ஆபத்து இதனால்தான் கூடுகிறது. சர்க்கரை உள்ள தாயின் 3.8 கிலோ குழந்தையைக் குறித்து எனக்கு வரும் கவலை, இயல்பாகவே உயரமாகவும் பெரிய உடல்வாகுடனும் உள்ள பெற்றோரின் 4 கிலோ குழந்தையைக் குறித்து வருவதில்லை. உங்கள் மனைவியின் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டால் சுகப்பிரசவத்துக்குத் தடை ஒன்றும் இல்லை.

கேள்வி (குடியாத்தம்): சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும் என்கிறார்களே?

பதில்: இரும்புச்சத்து மாத்திரை குழந்தையைப் பெரிதாக்காது, தாயின் இரத்தத்தையே பெருக்கும். பெரிய குழந்தை பிறந்த பிறகு, மிகவும் விரிந்துபோன கர்ப்பப்பை உடனே சுருங்காமல் உதிரப்போக்கு அதிகமாகும் வாய்ப்பு உண்டு. அப்போது இரத்தசோகையோடு இருக்கும் பெண்தான் உயிருக்குப் போராட நேரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். குழந்தையைச் சிறிதாக்குவதற்காகப் பட்டினி கிடப்பதும் இதே போன்ற தவறுதான்.

கேள்வி (காட்பாடி): தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும் என்று படித்ததிலிருந்து உறக்கம் வரவில்லை. அந்த நேரத்தில் உண்மையில் என்ன நடக்கும்? நேரடியாகச் சொல்லுங்கள்.

பதில்: தலை வெளியே வந்ததும், ஆமை தன் தலையை உள்ளிழுப்பது போல, குழந்தையின் கன்னங்கள் தாயின் தசையோடு அழுந்திப் பின்வாங்கும். குழந்தையின் முன்தோள் தாயின் அந்தரங்க எலும்புக்குப் பின்னால் சிக்கியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த நொடியில் அறையில் ஒருவர் "தோள் சிக்கல்" என்று உரக்கச் சொல்ல, இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருப்பார். தாயை முக்க வேண்டாம் என்பார்கள். இரண்டு செவிலியர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து, முழங்கால் தாயின் வயிற்றைத் தொடும் அளவுக்கு மடக்குவார்கள். மூன்றாமவர் அந்தரங்க எலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்துத் தோளைப் பக்கவாட்டில் அழுத்துவார். பெரும்பாலான சிக்கல்கள் இந்த இரண்டு செயல்களிலேயே விடுபட்டுவிடும். விடுபடாவிட்டால் மருத்துவர் கையை உள்ளே செலுத்தித் தோள்களைத் திருப்புவார், அல்லது குழந்தையின் பின்கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து வெளியே எடுப்பார். தாயை முழங்காலும் கையும் ஊன்றிக் குனியச் செய்வதும் உண்டு. இவை அனைத்தும் சில நிமிடங்களுக்குள் நடந்து முடிய வேண்டும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. வயிற்றின் மேற்பகுதியை, அதாவது கர்ப்பப்பையின் உச்சியை, யாரும் கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. அழுத்தினால் தோள் இன்னும் இறுக மாட்டிக்கொள்ளும். தலையைப் பிடித்து இழுப்பதும் அப்படித்தான். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அதனால் காயப்படும். அப்படிக் காயப்பட்டாலும் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் கை சரியாகிவிடுகிறது, சிலருக்கு நிரந்தரக் குறை தங்கிவிடுவதும் உண்டு. தோள் சிக்கலில் ஏறத்தாழ பாதி, 4 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கே நேர்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். எடையைப் பார்த்து யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாததால், உங்கள் மருத்துவமனையிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இரவு இரண்டு மணிக்கு இது நேர்ந்தால் பிரசவ அறையில் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்கள் இதற்குப் பயிற்சி பெற்றவர்களா?

கேள்வி (வாணியம்பாடி): குழந்தை மேலும் வளர்வதற்குள் 38 வாரத்திலேயே மருந்து வைத்து வலியை வரவழைக்கலாமா? அத்தை விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார்.

பதில்: முதல் கேள்விக்கு மருத்துவர்களிடையே ஒருமித்த விடை இல்லை. 2015இல் லான்செட் இதழில் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, பெரிய குழந்தை என்று கணிக்கப்பட்டவர்களுக்கு 39 வாரத்துக்கு முன்னரே வலியை வரவழைத்ததில் தோள் சிக்கல் குறைந்ததாகவும், சிசேரியன் கூடவில்லை என்றும் கண்டது. மறுபுறம், எடையை மட்டும் காரணம் காட்டி 39 வாரத்துக்கு முன் அப்படிச் செய்ய வேண்டாம் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி. சர்க்கரை இல்லாதவர்களுக்கு நான் இரண்டாவது கருத்தையே பின்பற்றுகிறேன். விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் நீர் வற்றிப்போய் வலிக்கு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சோளிங்கர்): முதல் குழந்தை 3.9 கிலோ. ஆசனவாய்த் தசை வரை கிழிந்து தையல் போட்டார்கள். இரண்டாவதும் பெரிதாக இருக்கிறது.

பதில்: இப்போது வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாத தொல்லை இருக்கிறதா என்பதைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இருந்தால் சிசேரியனே நல்லது. இல்லாவிட்டால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். 35ஆவது வாரத்திலிருந்து பிறப்புறுப்பின் அடிப்பகுதியைச் சுத்தமான எண்ணெய் தொட்டு மெல்ல நீவிவிடுவதும், முக்கும் நேரத்தில் அந்த இடத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைத்துப் பிடிப்பதும், தலை வெளிவரும்போது முக்குவதை நிறுத்தி வாயால் மூச்சு விடுவதும் கிழிசலைக் குறைக்கும்.

கேள்வி (அரக்கோணம்): முதல் பிரசவம் சிசேரியன். இப்போது குழந்தை 3.8 கிலோ. சுகப்பிரசவம் முடியுமா?

பதில்: முடியும். ஆனால் வெற்றி வாய்ப்பு சற்றுக் குறைவு. கர்ப்பப்பையில் உள்ள பழைய தையல் விடும் ஆபத்தும் உண்டு. எந்நேரமும் ஆபரேஷன் அரங்கும் இரத்தமும் தயாராக உள்ள இடத்தில் மட்டுமே முயல வேண்டும்.

கேள்வி (சத்துவாச்சாரி): எங்கள் மாமியார் காலத்தில் ஐந்து கிலோ குழந்தைகளை வீட்டிலேயே பெற்றார்கள். இப்போது மட்டும் ஏன் இத்தனை பயம்?

பதில்: அந்தக் குழந்தைகளை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை அம்மா. கொழுகொழுவென்று இருந்ததை ஐந்து கிலோ என்று பின்னர் சொல்லிக்கொண்டோம். அன்று பிழைத்தவர்களின் கதை நமக்கு வந்து சேர்ந்தது, மற்றவர்களின் கதை வரவில்லை. ஒரே இரவில் பிரசவத்தில் மூன்று பெண்கள் இறந்ததைக் கண்டதால்தான், பின்னாளில் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து 1900இல் வேலூருக்கு வந்தார் என்பது இந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கேள்வி (புதூர்நாடு, ஜவ்வாது மலை): எங்கள் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு வெகு தூரம். எப்போது கிளம்ப வேண்டும்?

பதில்: வலி வந்த பிறகு மலையிறங்கத் திட்டமிடாதீர்கள். குழந்தை பெரிது என்று சொல்லப்பட்டவர்கள், குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே கீழே உள்ள உறவினர் வீட்டுக்கோ, பிரசவக் காத்திருப்பு அறை உள்ள சுகாதார நிலையத்துக்கோ வந்து தங்குவது நல்லது. சிசேரியனும் இரத்த வசதியும் உள்ள திருப்பத்தூர் அரசு மருத்துவமனையிலோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முன்பே காட்டிவையுங்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் பரிசோதனை இலவசமாக நடக்கிறது. பனிக்குடம் உடைந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, வலிக்குக் காத்திராமல் 108க்கு அழையுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): என் தங்கைக்கு 4.1 கிலோவில் சுகப்பிரசவம் ஆயிற்று. குழந்தையின் குதிகாலில் திரும்பத் திரும்பக் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். பால் போதாது என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: வயிற்றில் இருந்தபோது கூடுதலாகச் சுரந்து பழகிய இன்சுலின், பிறந்த பிறகும் சில மணி நேரம் சுரந்துகொண்டே இருக்கும், தாயிடமிருந்து வந்த சர்க்கரையோ நின்றுவிட்டது. அதனால் குழந்தையின் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும், அதைக் கண்டுபிடிக்கவே குத்துகிறார்கள். பிறந்ததும் நாவில் தொட்டு வைக்கும் சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். முதல் மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒரு முறை தாய்ப்பால் என்று கொடுத்தால் பெரும்பாலும் போதும். குழந்தை துவண்டு கிடந்தாலோ, கைகால்கள் நடுங்கினாலோ, பாலைச் சப்ப மறுத்தாலோ உடனே செவிலியரை அழையுங்கள். உங்கள் தங்கைக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால், பிரசவமான 6 வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் பரிசோதனையை அவருக்கு மறுபடியும் செய்ய வேண்டும். குழந்தையின் தடுப்பூசிக்கு வரும் அதே நாளில் அதையும் முடித்துவிடலாம்.