கம்பேக் கிட் ஒரு கிறிஸ்தவ பேண்டா? எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கம்பேக் கிட் கனடாவின் ஹார்ட்கோர் பேண்ட்; ஹார்ட்கோர் என்பது பங்க் ராக்கின் வேகமான, ஆவேசமான வடிவம். கிறிஸ்தவ பேண்ட் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டதில்லை. பேண்டில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். இந்தக் குழப்பம் இருபது வருடமாகத் தீராமல் இருப்பதற்குக் காரணம் ஃபிகர் ஃபோர் என்கிற இன்னொரு பேண்ட்.

கனடாவின் வினிபெக் நகரத்தில் ஆண்ட்ரூ நியூஃபெல்டும் ஜெரமி ஹீபர்ட்டும் முதலில் நடத்தியது ஃபிகர் ஃபோர். அது ஒளிவுமறைவு இல்லாத கிறிஸ்தவ ஹார்ட்கோர். 1999இல் வந்த ஆல்பத்தின் பெயரே ஏசாயா புத்தகத்து வசனம் ஒன்றிலிருந்து எடுத்தது: உனக்கு விரோதமாய் உருவாக்கப்படும் எந்த ஆயுதமும் வாய்க்காது என்பார்களே, அது. 2000களின் தொடக்கத்தில் இதே இருவர் பக்கத்தில் ஒரு வேலையாகத் தொடங்கியதுதான் கம்பேக் கிட். ஸ்காட் வேட் பாடினார், நியூஃபெல்டும் ஹீபர்ட்டும் கித்தார். பெயரில் உயிர்த்தெழுதல் எதையும் தேட வேண்டாம். 2000 டிசம்பரில் ஐஸ் ஹாக்கி வீரர் மரியோ லெமியூ ஓய்வை முடித்துக்கொண்டு களத்துக்குத் திரும்பினார். அதைப் பற்றிய பத்திரிகைத் தலைப்பிலிருந்து எடுத்த பெயர் அது.

அப்புறம் ரெக்கார்ட் கம்பெனிகளைப் பாருங்கள், பாதிக் கதை அதிலேயே இருக்கிறது. முதல் ஆல்பம் 'டர்ன் இட் அரவுண்ட்' 2003இல் கலிஃபோர்னியாவின் ஃபேஸ்டவுன் ரெக்கார்ட்ஸில் வந்தது. நோ இன்னசன்ட் விக்டிம் என்ற கிறிஸ்தவ ஹார்ட்கோர் பேண்டின் டிரம்மர் ஜேசன் டன் 1997இல் தொடங்கிய கம்பெனி அது. அதில் வெளிவந்தாலே கிறிஸ்தவ பேண்ட் என்று ரசிகர்கள் முத்திரை குத்திவிடுவார்கள். அதே 2003இல் ஃபிகர் ஃபோரின் ஆல்பம் டூத் அண்ட் நெயிலின் கிளையான சாலிட் ஸ்டேட்டில் வந்தது. ஆக, ஒரே வருடம், ஒரே ஆட்கள், இரண்டுமே கிறிஸ்தவச் சந்தையில் பேர் பெற்ற கம்பெனிகள். கேட்பவர் இரண்டையும் ஒரே கூடையில் போட்டதில் ஆச்சரியமில்லை. 2005இல் 'வேக் த டெட்' சிகாகோவின் விக்டரி ரெக்கார்ட்ஸுக்குப் போனது. மதத்தோடு சம்பந்தமே இல்லாத கம்பெனி. தயாரித்தவர் டிசென்டன்ட்ஸ் என்ற பங்க் பேண்டின் டிரம்மர் பில் ஸ்டீவன்சன். 2014 வரை விக்டரிதான், 2017, 2022 ஆல்பங்கள் நியூக்ளியர் பிளாஸ்டில் வந்தன.

ஊரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மெனோனைட் கிறிஸ்தவர்கள் அதிகம் வாழும் நகரங்களில் வினிபெக் ஒன்று. நியூஃபெல்ட், ஹீபர்ட் இரண்டுமே அந்தச் சமூகத்தில் அடிக்கடி கேட்கும் குடும்பப் பெயர்கள். பெயரை வைத்து யாருடைய நம்பிக்கையையும் அளக்க முடியாது, ஆனால் அந்த ஊர் பங்க் மேடையில் ஒரு கிறிஸ்தவர் நிற்பது அதிசயமான காட்சி இல்லை என்பது புரியும். மதத்தை வெளிப்படையாகச் சாடும் ப்ரோபகாந்தி என்ற பங்க் பேண்டும் இதே மானிடோபா மாகாணத்துக்காரர்கள்தான்.

தூரம் இன்னொரு விஷயம். வினிபெக்கிலிருந்து சாலை வழியாக டொரோன்டோ சுமார் 2,200 கிலோமீட்டர், கால்கரி 1,300க்கு மேல். பக்கத்துப் பெரிய நகரம் என்றால் எல்லை தாண்டி மினியாபொலிஸ், அதுவே 700க்கு மேல். வார இறுதியில் வேனில் போய் வாசித்துவிட்டு திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்ற கணக்கெல்லாம் அங்கே எடுபடாது. போனால் வாரக்கணக்கில் போக வேண்டும். அமெரிக்காவில் வாசிக்க இசைக்கலைஞர் சங்கம் வழியாக P-2 என்ற பணி அனுமதி எடுக்க வேண்டும், அதற்குப் பல வாரங்கள் முன்னாலேயே தேதிகளை முடிவு செய்தாக வேண்டும். பக்க வேலையாகத் தொடங்கிய பேண்ட் முழுநேரத்தை விழுங்கிவிடுவது இப்படித்தான். பிறகு ஃபிகர் ஃபோர் பின்னுக்குப் போனது.

பேண்டின் உண்மையான திருப்பம் மதத்தில் இல்லை, 2006இல் வேட் விலகியதில் இருக்கிறது. வெளியிலிருந்து பாடகரைத் தேடாமல் நியூஃபெல்ட் கித்தாரை இறக்கிவிட்டு மைக்கை எடுத்தார். ஃபிகர் ஃபோரில் பாடியவரே அவர்தான் என்பதால் அது அவருக்குப் பழகிய இடம். வேட்டின் குரல் மெல்லியது, உயரத்தில் குரைப்பது போன்றது, கித்தார் மெட்டுகளுக்கு மேலே மிதக்கும். நியூஃபெல்டின் குரல் கரகரப்பும் கனமும் உள்ளது. அதனால் 2007இன் 'பிராட்காஸ்டிங்' முதல் பாட்டுகளே இருளடைந்து மெட்டல் பக்கம் சாய்ந்தன. 2017இன் 'அவுட்சைடர்' ஆல்பத்தில் மெட்டல் பாடகர் டெவின் டவுன்சென்டும், 2022இன் 'ஹெவி ஸ்டெப்ஸ்' ஆல்பத்தில் கொஜிரா என்ற மெட்டல் பேண்டின் ஜோ டுப்லாந்தியேவும் விருந்தினராகப் பாடுகிற அளவுக்கு அந்தச் சாய்வு போனது.

எங்கே தொடங்குவது? 'வேக் த டெட்'. சுமார் அரை மணி நேரம்தான். அதற்கடுத்து 2010இன் 'சிம்ப்டம்ஸ் அண்ட் க்யூர்ஸ்', பிறகு பின்னால் போய் முதல் ஆல்பம். முதல் ஆல்பத்தை முதலில் கேட்டால் ஒலிப்பதிவின் ஒல்லித்தனம் புதியவர்களை விரட்டிவிடும் என்பது என் அபிப்பிராயம். 'ஃபால்ஸ் ஐடல்ஸ் ஃபால்' போன்ற தலைப்பைப் பார்த்து பிரசங்கம் என்று நினைக்க வேண்டாம். வரிகளைப் படித்தால் நட்பு, ஏமாற்றம், விட்டுப் பிரிதல், இவையே அதிகம்.

கேட்கும்போது டிரம்ஸின் ஸ்னேரை, அதாவது கூர்மையாக 'டப்' என்று ஒலிக்கும் டிரம்மை, மட்டும் பின்தொடருங்கள். வேகமான பகுதியில் நான்கு எண்ணிக்கைக்கு ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும் விழும். பிரேக்டவுன், அதாவது பாட்டு கனத்து இறங்கும் பகுதி, வந்ததும் மூன்றில் மட்டும் விழும். நிமிடத்துக்கு 200 அடி என்றால் அந்த 200 அப்படியேதான் இருக்கிறது, ஸ்னேர் விழுவது மட்டும் பாதியாகக் குறைகிறது. காதுக்குப் பாட்டே திடீரென்று கனத்து நின்ற மாதிரி இருக்கும். புதிதாக வாசிப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்: உண்மையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், திரும்ப வேகப் பகுதிக்கு வரும்போது கித்தார் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம் போகும்.

இந்தப் பாணியின் இன்னொரு உயிர்நாடி கூட்டமாகக் கத்தும் கூட்டுக் குரல். பதிவு செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு: எட்டுப் பத்துப் பேரை ஒரே மைக்கிலிருந்து ஓர் ஆள் உயரத் தூரத்தில் அரைவட்டமாக நிறுத்துங்கள். மூன்று நான்கு முறை பதிந்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஆட்கள் இடம் மாற வேண்டும், இல்லையென்றால் மைக்குக்கு நேரே நிற்பவர் குரல் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். சொல்லின் கடைசியில் வரும் 'ட்', 'ஸ்' ஒலிகளை ஒருவர் மட்டும் அழுத்திச் சொன்னால் போதும். பத்துப் பேரும் சொன்னால் ஆளுக்கொரு நேரத்தில் விழுந்து, கடாயில் கடுகு வெடித்த மாதிரி இருக்கும். வரி நான்கைந்து சொல்லைத் தாண்டக் கூடாது. மேடையில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டும்போது, நேற்றுதான் ஆல்பத்தைக் கேட்டவருக்கும் அது நினைவில் இருக்க வேண்டும்.